லோ கார்ப் உணவில் பால், தயிர், பனீர்: எதை, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது

சோற்றைக் குறைத்தாச்சு, இட்லி தோசையை நிறுத்தியாச்சு, சப்பாத்தியும் இல்லை, ஆனாலும் எடை அசையவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிக்கிறீர்கள் என்பதைத்தான். நானும் இதே இடத்தில் மூன்று வாரம் நின்றிருக்கிறேன். எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, யார் வீட்டுக்குப் போனாலும் ஒன்று, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இதை எதையுமே நான் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு நாள் ஒவ்வொரு முறையும் பாலை அளவுக் கோப்பையில் ஊற்றிப் பார்த்துவிட்டுக் காய்ச்சினேன். மொத்தம் 600 மில்லி வந்தது. சீனி போடாமலே அதில் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. அன்றைக்கு முழுவதுக்கும் நான் வைத்திருந்த கார்ப் (மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட்) வரம்பே 50 கிராம்தான்.

அதற்காகப் பாலை அடியோடு விடச் சொல்ல மாட்டேன். முட்டை, மீன், கறி சாப்பிடுகிறவர்கள் பால் இல்லாமல் சமாளித்துவிடலாம். சைவக்காரர்களுக்கு அரிசியும் பருப்பும் குறைந்த பிறகு புரதம் வரும் பெரிய வழி பனீரும் தயிரும்தான், வைட்டமின் பி12 கிடைப்பதும் பால் வகையில்தான். கால்சியம் இன்னொரு பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம். நம் ஊரில் கால்சியம் என்றால் எல்லோரும் கேழ்வரகைத்தான் காட்டுவார்கள், அது சரியும்கூட. ஆனால் கேழ்வரகில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து என்பதால் லோ கார்பில் அது வெளியே போய்விடுகிறது, அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இவற்றோடு தயிரும் பனீரும் சேர்ந்தால்தான் கணக்கு நிறைகிறது.

இனிப்பு தண்ணீரில் இருக்கிறது

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் கடையில் எந்தப் பால் பொருளைப் பார்த்தாலும் நீங்களே முடிவெடுத்துவிடலாம். பாலில் இருக்கும் சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். 100 மில்லி பாலில் ஏறக்குறைய 5 கிராம். அது தண்ணீரில் கரைந்து நிற்கிறது, கொழுப்பில் கரையாது. ஆகவே பாலிலிருந்து தண்ணீரைத் திரித்து வடித்துக் கொட்டினால் லாக்டோஸும் கூடவே போய்விடும், அப்படி வந்ததுதான் பனீரும் சீஸும். கொழுப்பை மட்டும் பிரித்தெடுத்தால் அங்கே லாக்டோஸ் வரவே வராது, அது வெண்ணெயும் நெய்யும். தண்ணீரை வடிக்காமல் அடுப்பில் வைத்து வற்றவைத்தால் தண்ணீர் மட்டும் ஆவியாகி சர்க்கரை அத்தனையும் சட்டியிலேயே தங்கும், அதுதான் பால்கோவா, திரட்டுப்பால், பால் பவுடர், கண்டென்ஸ்டு மில்க். இதில் தயிர் மட்டும் தனி ரகம். அதில் லாக்டோஸின் ஒரு பங்கைக் கிருமிகள் தின்று புளிப்பாக மாற்றிவிடுகின்றன.

பாக்கெட் நிறத்தைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆவின் நீல பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. இந்த நிறங்கள் சொல்வது கொழுப்பை மட்டும்தான், சர்க்கரை எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு முறை கொழுப்பு குறைத்த டபுள் டோன்டு பாலில் கொழுப்பு 1.5 சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் கொழுப்பு அல்லாத திடப்பொருள் 9 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. நீல பாக்கெட் வகைக்கு அது 8.5. லாக்டோஸ் இருப்பது இந்தத் திடப்பொருளுக்குள்தான். ஆக, "டயட்" என்று நினைத்துக் கொழுப்பு நீக்கிய பால் வாங்குகிறவருக்கு கார்ப் ஒரு துளிகூடக் குறைவதில்லை, பசி மட்டும் சீக்கிரம் எடுக்கிறது. லோ கார்பில் இருப்பவர் கொழுத்த பாலைக் கொஞ்சமாக வாங்குவதே நல்லது. நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால், எருமைப்பால், ஆட்டுப்பால் எதை எடுத்தாலும் லாக்டோஸ் நாலரைக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நிற்கும். ருசிக்காகவோ செரிமானத்துக்காகவோ தேர்ந்தெடுங்கள், கார்ப் குறையும் என்று அதிக விலை கொடுக்க வேண்டாம்.

லாக்டோஸ் நீக்கிய பால் என்று டப்பாவில் விற்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதில் லாக்டோஸை நீக்குவதில்லை, ஒரு நொதி சேர்த்து அதைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என்று இரண்டாக உடைத்து வைக்கிறார்கள். பால் குடித்தால் வயிறு உப்பி அவதிப்படுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. கார்ப் அப்படியேதான் இருக்கும், நாக்குக்குக் கூடுதலாக இனிக்கவும் செய்யும்.

முதலில் காபி, டீ

உங்கள் வரம்பு என்ன என்பதைப் பொறுத்துத்தான் பாலின் அளவு. ஒரு நாளைக்கு 20, 25 கிராம் கார்ப் என்று கடுமையாக இருப்பவருக்குப் பால் மொத்தம் 50 மில்லியைத் தாண்டக் கூடாது, மீதியைத் தயிரிலும் பனீரிலும் பார்த்துக்கொள்ளலாம். 50 கிராம் வைத்திருப்பவர் 150 முதல் 200 மில்லி வரை குடிக்கலாம். 100 கிராம் வரை போகிறவர்கள் 300 மில்லி குடித்தாலும் கெட்டுவிடாது, ஆனால் அதில் சீனி இருக்கக் கூடாது.

சீனிதான் முதலில் போக வேண்டும், பால் அதற்கு அப்புறம். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் 5 கிராம், இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 8 முதல் 10 கிராம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சீனிதான். கருப்பட்டிக் காபியின் வாசனை எனக்கு உயிர், ஆனால் அதை விசேஷ நாளுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்கள் வாரத்துக்கு அரை ஸ்பூன் என்று இறக்குங்கள். நாலு வாரத்தில் நாக்கு பழகிவிடும், பாலில் இயல்பாகவே ஒரு இனிப்பு இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

அடுத்து டிகாஷன். பால் குறைந்தால் காபி தண்ணியாகிவிடுகிறது என்று அலுத்துக்கொண்டு பழைய அளவுக்கே திரும்புகிறவர்கள்தான் அதிகம், காரணம் அவர்கள் டிகாஷனை மாற்றாமல் பாலை மட்டும் குறைக்கிறார்கள். ஃபில்டரில் வழக்கமாகப் போடுவதைவிட ஒன்றரை மடங்கு பொடி போட்டு, நன்றாக அழுத்தி, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முதல் டிகாஷனை மட்டும் எடுங்கள். ஒரு டம்ளருக்கு 40 மில்லி டிகாஷன், 40 மில்லி நல்ல கொதிநீர், 30 மில்லி ஆரஞ்சு பாக்கெட் பால், மேலே ஒரு ஸ்பூன் பாலாடை. ஆடையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைத்து, டம்ளரில் முதலில் அதைப் போட்டு, சூடான டிகாஷனை மேலே ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றினால் நன்றாகக் கலந்துவிடும். மொத்தம் 2 கிராமுக்குள் முடியும் காபி இது. ஆடைக்குப் பதில் கடையில் விற்கும் 25 சதவீத ஃப்ரெஷ் கிரீம் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலும் அரை கிராம்தான் கூடும், ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக ஊற்றினால் திரிந்த மாதிரி மிதக்கும், கொஞ்சம் வெளியே வைத்து எடுங்கள்.

டீக்கும் இதேதான். தண்ணீரில் இஞ்சி, ஏலக்காய் தட்டிப் போட்டுத் தூளை நன்றாகக் கொதிக்கவிட்டு, கடைசியில் பாலைத் தொட்டுக்கொள்வதுபோல் சேர்த்தால் போதும். கடையில் குடிப்பதாக இருந்தால் "சர்க்கரை வேண்டாம், பால் கம்மி, ஸ்ட்ராங்" என்று சொல்லிப் பழகுங்கள், இரண்டு நாளில் மாஸ்டருக்கு உங்கள் கணக்கு தெரிந்துவிடும். கடுங்காபி, வரக்காபி, கட்டன் டீ எதுவானாலும் சீனி இல்லாவிட்டால் கணக்கிலேயே வராது. அலுவலக இயந்திரங்களில் வரும் காபி டீயில் மட்டும் கவனம். அவற்றில் பல, கலவைப் பொடியில் ஓடுகின்றன, பொடியிலேயே சர்க்கரை சேர்ந்திருக்கும். பால் பவுடர் தனியாகவே கனமானது, கொழுப்பு நீக்கிய பவுடரில் பாதி எடை லாக்டோஸ்.

வெண்ணெய் போட்ட டீ, காபி பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பேலியோ என்ற, கொழுப்பு மிகுந்த லோ கார்ப் உணவுமுறை பரவியபோது காலை உணவுக்குப் பதிலாக அதைக் குடிக்கும் பழக்கம் வந்தது, காலையில் பசி தாங்காதவர்களுக்கு அது உதவியும் இருக்கிறது. ஆனால் காலை உணவையும் சாப்பிட்டுவிட்டு அதன் மேல் வெண்ணெய் டீயும் குடித்தால் எடை இறங்காது. 20 கிராம் வெண்ணெயில் கார்ப் இல்லை என்பது உண்மை, 145 கலோரி இருக்கிறது என்பதும் உண்மை.

இன்னொன்று, பால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அளவைப் பார்த்தால் எதிர்பார்ப்பதைவிட இன்சுலினை அதிகமாகத் தூண்டும். அதனால் நாள் முழுக்க அரை டம்ளர் அரை டம்ளராகக் குடிப்பதைவிடச் சாப்பாட்டை ஒட்டி ஒன்று அல்லது இரண்டு முறை குடித்து முடிப்பது மேல். படுக்கும் முன் பால் குடித்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர்கள் முதலில் அதை அரை டம்ளராக்கி, மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டு, பாதிக்குப் பாதி வெந்நீர் கலந்து பாருங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடித்துப்போனது.

தயிரும் மோரும்

வீட்டுத் தயிரில் 100 கிராமுக்கு மூன்றரை முதல் நாலு கிராம் கார்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். தயிரில் லாக்டோஸ் முழுவதும் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படி இல்லை, கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கிருமிகள் தின்கின்றன. நன்றாகப் புளிக்கவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உறை ஊற்றி, எட்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் வெளியே வைத்து அப்புறம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாக்கெட் தயிர் வாங்குகிறவர்கள் பின்பக்கம் பாருங்கள், கெட்டியாக வர வேண்டும் என்று பால் திடப்பொருள் சேர்த்திருந்தால் கார்ப் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பழச்சுவை தயிர், இனிப்பு லஸ்ஸி, இனிப்பான புரோபயாடிக் பானம் எல்லாம் தயிரின் பெயரில் வரும் சர்க்கரை, எடுக்கவே வேண்டாம்.

தயிரைத் துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிட்டால் மஞ்சளாக ஒரு தண்ணீர் இறங்கும். அதில்தான் மீதி லாக்டோஸின் பெரும்பங்கு போகிறது. அரை லிட்டர் தயிரில் 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே கெட்டித்தயிர் நிற்கும், ருசியில் பாலாடைக்கட்டி மாதிரி, புரதம் இரட்டிப்பு. வெள்ளரிக்காய் துருவி, பூண்டு ஒரு பல் நசுக்கி, மிளகும் உப்பும் போட்டால் எந்த வறுவலுக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

சோறு இல்லாமல் தயிரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என் பதில் காலிஃப்ளவர் தயிர் சாதம். பூவைத் துருவி ஆவியில் ஐந்து நிமிடம் மட்டும் வேகவைத்து, துணியில் போட்டு நன்றாகப் பிழியுங்கள். பிழியாவிட்டால் தண்ணியாகிச் சொதப்பிவிடும். ஆறியதும் தயிர், ஒரு ஸ்பூன் பாலாடை, உப்பு சேர்த்துப் பிசைந்து கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பக்கத்தில் ஒரு மோர் மிளகாய் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். மோர்க்குழம்புக்குத் துவரம்பருப்பும் அரிசியும் ஊறவைத்து அரைப்பதை விட்டுவிட்டுத் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் மட்டும் கூடுதலாக அரைத்து வெண்பூசணி போட்டால் குழம்பு நன்றாகவே சேர்ந்து வருகிறது, தயிர் ஊற்றியபின் கொதிக்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். வாழைத்தண்டுப் பச்சடி, நெல்லிக்காய்ப் பச்சடி எல்லாம் மாற்றமே தேவைப்படாதவை.

நீர்மோர்தான் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. 75 கிராம் தயிரை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கடைந்தால் கார்ப் 3 கிராமுக்குள். லோ கார்ப் தொடங்கிய முதல் வாரத்தில் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் நிறைய வெளியேறும், தலைவலி, சோர்வு, காலில் தசைப்பிடிப்பு எல்லாம் அதனால்தான் பெரும்பாலும் வருகின்றன. உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் குடித்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

பனீரை வீட்டிலேயே

ஒரு லிட்டர் ஆரஞ்சு பாக்கெட் பால், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு வெள்ளைத் துணி, இவ்வளவுதான். பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, சாற்றைச் சிறிது தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். தண்ணீர் இளம்பச்சையாகத் தெளிந்தால் நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஊற்றினால் பனீர் ரப்பர் மாதிரி ஆகும். துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, பிழிந்து, மேலே கனமான பாத்திரத்தை அரை மணி நேரம் வையுங்கள். 200 கிராம் வரை கிடைக்கும். ஒரு லிட்டர் பாலில் இருந்த 50 கிராம் லாக்டோஸில் இந்தப் பனீரில் தங்குவது 5 கிராம் அளவுதான், மீதி அத்தனையும் வடித்த தண்ணீரோடு போய்விட்டது. அந்தத் தண்ணீர் சத்தானது என்று சப்பாத்தி மாவு பிசையவும் ரசம் வைக்கவும் சொல்வார்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தாராளமாகச் செய்யுங்கள், உங்கள் பங்கில் மட்டும் வேண்டாம்.

அளவு முக்கியம். 100 கிராம் பனீரில் 18, 20 கிராம் புரதம் இருக்கிறது, 300 கலோரியும் இருக்கிறது. ஒரு வேளைக்கு 100 முதல் 150 கிராம் போதும். நெய்யில் வெங்காயம், குடைமிளகாய் வதக்கிப் பனீரை உதிர்த்துப் போட்டு மிளகுத்தூள் தூவினால் பத்து நிமிடத்தில் ஒரு பொடிமாஸ். கடைப் பனீர் வாங்கினால் பொருள் பட்டியலில் பால் மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள், தாவர எண்ணெய் சேர்த்துச் செய்த போலிப் பனீரும் சந்தையில் உண்டு. உதிரியாக வாங்கியதில் சந்தேகம் வந்தால் ஒரு துண்டைக் கொதிக்கவைத்து ஆறியபின் இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள், நீலமாக மாறினால் அதில் மாவு கலந்திருக்கிறது. ஹோட்டல் பனீர் 65 சோள மாவிலும் மைதாவிலும் புரண்டு வருவது, பட்டர் மசாலாவில் முந்திரியும் சர்க்கரையும் சேரும். தந்தூரி அடுப்பில் சுட்ட பனீர் டிக்கா கேட்டு வாங்குங்கள்.

சீஸில் கார்ப் குறைவு, உப்பு அதிகம். செடார் மாதிரி கட்டிச் சீஸ் நல்லது, தடவிக்கொள்ளும் சீஸில் ஸ்டார்ச் சேர்த்திருக்கலாம் என்பதால் லேபிள் படியுங்கள். நெய்யிலும் வெண்ணெயிலும் கார்ப் கணக்கு பார்க்கவே வேண்டாம், ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் வாங்கி வீட்டில் முருங்கை இலை போட்டு உருக்குங்கள். அதற்காகக் கரண்டி கரண்டியாக ஊற்றவும் வேண்டாம், சமையலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தேக்கரண்டி போதும். லோ கார்பில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் நன்றாகவே ஏறுகிறது, மூன்று மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, ஏறியிருந்தால் வெண்ணெயையும் கிரீமையும் குறைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் திரும்புங்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள்

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் கார்பைக் குறைக்கக் கூடாது, மருந்து அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குக் கடுமையான லோ கார்பில் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோ அசிடோசிஸ் என்ற வேறொரு ஆபத்து இருக்கிறது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பனீர், சீஸ் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம், வளரும் பிள்ளைகளின் பாலைக் குறைக்கவும் வேண்டாம்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உங்கள் உடம்பு பாலை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் அளந்துவிட்டு, 150 மில்லி பால் ஊற்றிய சீனி இல்லாத காபியை மட்டும் குடித்து, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் அளவு பாருங்கள். இடையில் வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. அடுத்த நாள் அதே நேரத்தில் 30 மில்லி பால் காபி. இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். பலருக்குக் காலையில்தான் சர்க்கரை இயல்பாகவே ஏறி நிற்கும் என்பதால், முதல் நாள் எண் அதிகமாக வந்தால் அதே 150 மில்லியை இன்னொரு நாள் மதியச் சாப்பாட்டோடு குடித்து அளந்து பாருங்கள், எனக்கு அந்த நேரத்தில் ஏற்றம் குறைவாக இருந்தது. அதிலிருந்து காலையில் ஆடை போட்ட சின்னக் காபி, மதியம் சாப்பிட்டதும் ஒரு பால் காபி, சாயங்காலம் நீர்மோர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.